துஷ்டி வீட்டில் யார் பொறுப்பு?

தென்காசி மாவட்டத்தில், பாவூர்சத்திரம் பக்கத்து ஊர் ஒன்றில் இரவு பத்து மணிக்கு ஒரு பெரியவர் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூத்த மகனுக்குச் சென்னையில் மளிகைக் கடை. இளையவர் துபாயில். மகள் வாழ்க்கைப்பட்டது புனலூரில். அன்றைய பொதிகை எக்ஸ்பிரஸ் எழும்பூரை விட்டுக் கிளம்பியிருக்கும். கார் பிடித்து வந்தாலும் மூத்தவர் வந்து சேர விடிந்துவிடும். அதுவரை வீட்டில் இருப்பது வயதான மனைவியும் அக்கம்பக்கத்தாரும்தான்.

அந்த ஓர் இரவுக்குள் முடிவெடுக்க வேண்டியவை எத்தனை! ஐஸ் பெட்டிக்கு யாரிடம் சொல்வது? டாக்டரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டுமா? பந்தலும் நாற்காலியும் எப்போது வரும்? எந்தெந்த ஊருக்குத் தகவல் போயிற்று? எரிப்பதா, அடக்கமா? நீர்மாலைக்கு எங்கே போவது? மயானத்தில் வேலை பார்ப்பவருக்கு எவ்வளவு? கண்தானம் செய்வதாகப் பெரியவர் சொல்லியிருந்தாரே, அதற்கு ஆறு மணி நேரம்தான் கெடுவாமே, யாருக்குப் போன் செய்வது?

அழுதுகொண்டிருக்கும் குடும்பத்திடம் இவ்வளவையும் கேட்கிறோம். பதில் சொல்ல ஆள் இல்லாத வீட்டில், சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதே முடிவாகிறது. கல்யாணத்துக்கு மண்டபம், சமையல், புகைப்படம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம் முன்பே விலை விசாரிக்கிற நம் ஊரில், சாவு வீட்டின் செலவை மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அது மரியாதைக் குறைவு. ‘ஆகவேண்டியதைப் பாருங்க’ என்று யாரோ சொல்ல, யாரோ பார்க்க, யாரோ பணம் கொடுக்கிறார்கள். பதினாறாம் நாள் கணக்குப் பார்க்கும்போதுதான் குடும்பத்துக்குத் தலை சுற்றுகிறது.

இறுதிச்சடங்கை ஏற்பாடு செய்து தருவதைத் தொழிலாகக் கற்று, விலையை முன்கூட்டிச் சொல்லி, ரசீது கொடுத்துச் செய்யும் ஒருவர் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்க வேண்டும். வசதி படைத்தவர்களுக்கான ஆடம்பரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வெளியூருக்குப் பிழைக்கப் போன பிள்ளைகளைப் பெற்ற ஊர்களுக்கு இது அடிப்படைத் தேவை.

ஊர் செய்தது, இப்போது யார் செய்கிறார்கள்?

முன்பு இந்தப் பொறுப்பை ஊர் பார்த்துக்கொண்டது. சொந்தத்தில் ஒரு பெரியவர் இருப்பார். எந்தத் திசைக்கு யார் போய்ச் சொல்ல வேண்டும், கோடி யார் போட வேண்டும், நெய்ப்பந்தம் யார் பிடிக்க வேண்டும், உருமால் கட்டு எந்த வீட்டு முறை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சமுதாயச் சங்கம் வைத்திருக்கும் ஊர்களில் தலைக்கட்டு வரியில் வாங்கிய பாத்திரமும் பெஞ்சும் சாவு வீட்டுக்கு வந்துவிடும். இளவட்டங்கள் விறகு அடுக்கினார்கள்.

கடையநல்லூர், பொட்டல்புதூர் போன்ற ஊர்களில் ஜமாஅத்துகள் இதை இன்றும் ஒழுங்காகச் செய்கின்றன. குளிப்பாட்டுவது, கஃபன் துணி, சந்தூக், தொழுகை, அடக்கம் எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே வெள்ளைத் துணி. கிறிஸ்தவ ஊர்களில் சபை மணி அடித்ததுமே பெட்டி, குழி, ஆராதனை என்று வேலைகள் வரிசைப்படி நடக்கத் தொடங்கிவிடும். பொறுப்பு இன்னாருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

மற்றவர்களுக்கு அந்தப் பொறுப்பு உதிர்ந்துகொண்டு வருகிறது. முறை தெரிந்த தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. விறகு அடுக்கிய இளவட்டங்கள் சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் வந்து முகம் பார்க்க வேண்டும் என்பதால் உடல் ஒரு நாளோ இரண்டு நாளோ வீட்டில் காத்திருக்கிறது. அந்தத் தேவையில்தான் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் தொழில் ஊருக்கு ஊர் முளைத்தது. அதைத் தொடர்ந்து சொர்க்க ரதம், பந்தல், பூ அலங்காரம், வெடி, மேளம், ஃபிளெக்ஸ் என்று ஒவ்வொன்றும் தனித்தனி வியாபாரமாகிவிட்டது. எல்லாவற்றையும் சேர்த்துப் பொறுப்பேற்கிற ஒருவர் மட்டும் வரவில்லை. அந்த இடத்தைத் தரகர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் வண்டிக்காரர் தொடங்கி, ‘நான் பாத்துக்கிறேம்ணே’ என்று வருகிறவர் வரை எவரிடமும் விலைப்பட்டியல் கிடையாது. இரவில் ஒரு விலை, மழையில் ஒரு விலை, ஆளைப் பார்த்து ஒரு விலை.

அரசு இலவசமாகத் தருவதைக்கூட மக்கள் கேட்டுப் பெறுவதில்லை. அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலை ஊர் கொண்டுவந்து சேர்க்கத் தமிழ்நாட்டில் இலவச அமரர் ஊர்தி உண்டு. இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாநிலக் கிளை வழியாக நடப்பது. அழைக்க வேண்டிய எண் 155377. பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து பாவூர்சத்திரத்துக்கு உடல் கொண்டுவரத் தனியார் வண்டிக்கு ஆயிரங்களில் பணம் கொடுத்த பிறகு, ‘அப்படி ஒரு வண்டி இருக்கா?’ என்று கேட்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

காகிதங்களின் பெருஞ்சுமை

தொழில் தெரிந்தவரின் அருமை மாலையிலும் தேரிலும் தெரியாது; காகிதத்தில்தான் தெரியும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அதைத் தாண்டி 30 நாள் வரை தாமதக் கட்டணம். ஓராண்டு வரை அதிகாரியின் அனுமதி. ஓராண்டும் கடந்துவிட்டால் ஆணை வாங்க அலைய வேண்டும். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, சொந்தம் கலைந்து, மகன்கள் ஊர் திரும்பிய பிறகு அம்மாவுக்கு எஞ்சியிருப்பது ஐந்து நாள்தான். பல வீடுகளில் கெடு தவறுவது இந்த இடத்தில்தான்.

எங்கே பதிவது என்பதிலும் குழப்பம். இறப்பு எந்த எல்லையில் நடந்ததோ அங்கேதான் பதிவு. சொந்த ஊர் எது என்பது கணக்கில் வராது. ஐகிரவுண்டில் இறந்தவருக்குக் கீழப்பாவூரில் சான்று கிடைக்காது. புனலூர் மகள் வீட்டில் இறந்தவருக்குக் கேரளத்து உள்ளாட்சிதான் சான்று தரும். ஓடும் வண்டியில் உயிர் பிரிந்தால் அந்த வண்டி முதலில் நின்ற இடத்தில் பதிவு. இதெல்லாம் தெரியாமல் கிராம நிர்வாக அலுவலரிடம் நடையாய் நடந்து, கடைசியில் ‘எங்க எல்லையில நடக்கலையேம்மா’ என்ற பதிலோடு திரும்புகிறார்கள்.

வீட்டில் இறந்தால் காரணத்தை மருத்துவர் சான்றளிப்பது இன்னும் அரிது. பதிவான இறப்புகளில் மருத்துவச் சான்று பெற்றவை நாடு முழுவதும் 22.5 விழுக்காடுதான் என்கிறது 2020ஆம் ஆண்டுக்கான அரசு அறிக்கை. கடைசியாகப் பார்த்த மருத்துவரிடம் அன்றைக்கே படிவம் வாங்கிவிட்டால், பின்னால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும்போது குடும்பம் தடுமாறாது.

விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் காவல்துறை விசாரணை, பிறகு பிரேதப் பரிசோதனை. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை. இருட்டிவிட்டால் பரிசோதனை கிடையாது என்ற பழைய வழக்கத்தை 2021 நவம்பரில் மத்திய அரசு மாற்றியது. வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம். கொலை, தற்கொலை போன்றவற்றுக்கு விலக்கு. இது தெரிந்த ஒருவர் உடன் இருந்தால் குடும்பம் பிணவறை வாசலில் விடிய விடியக் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. எதற்குக் காத்திருக்கிறோம் என்பதாவது தெரியும்.

வெளிநாட்டில் இறப்பு என்றால் சுமை பல மடங்கு. அந்நாட்டு இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, ரத்துசெய்த பாஸ்போர்ட், இந்தியத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று ஆகியவை சேர்ந்தால்தான் பெட்டி விமானம் ஏறும். 2023 ஆகஸ்டில் மத்திய சுகாதாரத் துறை இதற்காக ‘இ-கேர்’ என்ற இணையவழி அனுமதி முறையைத் தொடங்கியது. ஆதரவற்ற நிலையில் இறந்தவர்களின் உடலைக் கொண்டுவர இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் சமுதாய நல நிதி உண்டு. இந்த வட்டாரத்துக்கு அருகில் உள்ள பன்னாட்டு விமான நிலையம் திருவனந்தபுரம். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலைப்பாதையில் மாநில எல்லை தாண்டி உடலைக் கொண்டுவர வேண்டும். துபாயில் யாரைப் பார்ப்பது, திருவனந்தபுரத்தில் யார் கையெழுத்திடுவது, எந்த வண்டி வருவது என்பதைத் துக்கத்தில் இருக்கும் தம்பி ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும்படி விடுவது கொடுமை.

அடக்கம் முடிந்தாலும் வேலை முடிவதில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, முதியோர் உதவித்தொகை. பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் இறந்தவரின் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 436 ரூபாய் பிடித்திருந்தால், குடும்பத்துக்கு 2 லட்சம் வர வேண்டும். பிடித்தம் நடந்ததே பல வீடுகளுக்குத் தெரியாது. பீடி சுற்றும் பெண்கள் நிறைந்த வட்டாரம் இது. பி.எஃப். கணக்குள்ள தொழிலாளி பணியில் இருக்கும்போது இறந்தால், வைப்புநிதியோடு இணைந்த காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் வரை குடும்பத்துக்கு உரிமை உண்டு. அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் ஈமச்சடங்கு உதவி உண்டு. கேட்காதவருக்கு எதுவும் தேடி வராது. இவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்கும் ஏற்பாட்டாளர் தன் கட்டணத்தைவிடப் பல மடங்கு தொகையைக் குடும்பத்துக்குத் தேடித்தந்துவிடுவார்.

மற்ற ஊர்களில் என்ன நடக்கிறது?

இலங்கைத் தமிழர்களுக்கு இது புதிதல்ல. கொழும்பில் பொரளை ரேமண்ட் மலர்ச்சாலையில் உடல் அஞ்சலிக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்ற மரண அறிவித்தலைப் பல தலைமுறைகளாக அவர்கள் பத்திரிகைகளில் படித்துவருகிறார்கள். உடலைப் பதப்படுத்துவது, பெட்டி, மண்டபம், வண்டி, மயானத்தில் நேரம் வாங்குவது எல்லாம் அங்கே ஒரே இடத்தில் நடக்கின்றன.

மலைக்கு அப்பால் கேரளத்தில், திருவில்வாமலை அருகே பாம்பாடியில், பாரதப்புழைக் கரையில் ஐவர்மடம் இருக்கிறது. தகனத்தையும் சடங்கையும் சேர்த்துப் பொறுப்பேற்று நடத்தும் இடம் என்று மலையாளிகள் நடுவே அதற்குப் பெயர். கொல்கத்தாவில் ‘அந்த்யேஷ்டி’ என்ற நிறுவனம் வண்டி முதல் சிராத்தம் வரை ஏற்பாடு செய்து தருகிறது; தொடங்கியவர் ஸ்ருதி ரெட்டி சேத்தி என்ற பெண். 2022 நவம்பரில் தில்லி வர்த்தகக் கண்காட்சியில் இதுபோன்ற ஒரு மும்பை நிறுவனம் பாடையை வைத்துக் கடை விரித்தபோது, சமூக ஊடகங்களில் கேலி பறந்தது. பாடை தூக்கக்கூட ஆளைக் கூலிக்குப் பிடிக்கும் காலம் வந்துவிட்டதே என்றார்கள்.

கேலிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. துயரத்தில் இருப்பவர் பேரம் பேச மாட்டார் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் பெரிய ஆபத்து. அமெரிக்காவில் இது முற்றிப்போனதை ஜெசிகா மிட்ஃபோர்ட் என்ற எழுத்தாளர் 1963இல் ‘தி அமெரிக்கன் வே ஆஃப் டெத்’ என்ற நூலில் தோலுரித்துக் காட்டினார். தேவையில்லாத பதப்படுத்தலும் விலையுயர்ந்த பெட்டியும் குடும்பங்களின் தலையில் கட்டப்பட்டன. நெடுநாள் விவாதத்துக்குப் பிறகு 1984இல் அங்கே ஒரு விதி அமலுக்கு வந்தது. போனில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும்; நேரில் வந்தால் எழுத்தில் பட்டியல் தர வேண்டும்; வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்ளும் உரிமை குடும்பத்துக்கு உண்டு; வெளியில் வாங்கிய பெட்டியை மறுக்கக் கூடாது; சட்டத்தில் இல்லாததை ‘சட்டப்படி கட்டாயம்’ என்று சொல்லக் கூடாது. பிரிட்டனிலும் 2021 முதல் இந்த நிறுவனங்கள் ஒரே மாதிரியான விலைப்பட்டியலைக் கடையிலும் இணையதளத்திலும் வைத்தாக வேண்டும்.

நமக்கு வேண்டிய பாடம் இதில் இருக்கிறது. தொழில் வந்துவிடும்; பல ஊர்களில் பாதி வந்தும்விட்டது. அதை விதியோடு வரவேற்பதா, விதியில்லாமல் வளரவிடுவதா என்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

சாதியைத் தொடாமல் பேச முடியாது

இறுதிச்சடங்கைத் தொழில்முறையாக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு வலுவான காரணம் இருக்கிறது. நம் ஊரில் சாவு வேலை எப்போதும் யாரோ ஒருவர் தலையில் கட்டப்பட்ட வேலையாகவே இருந்திருக்கிறது. குழி வெட்டவும், சிதை பார்க்கவும், பறை அடிக்கவும், சடங்கில் நிற்கவும் இன்ன சாதிதான் என்று விதித்தோம். கூலியைக்கூட ‘பார்த்துக் கொடுப்பது’ என்றுதான் சொல்கிறோம். குடித்துவிட்டுத்தான் அந்த வேலையைப் பார்க்க முடியும் என்ற நிலையில் மனிதர்களை வைத்துவிட்டு, அவர்கள் குடிப்பதைப் பற்றியும் நாமே பேசுகிறோம். சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று தமிழ்நாட்டில் தலித் மக்கள் நெடுங்காலம் போராடியது இதற்கு எதிராகத்தான்.

மயானத்துக்குப் போகும் பாதையிலும் சாதி நிற்கிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வயல் வழியே போக விடாததால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காணொளியைக் கண்டு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தாக்கியது. அதன்பின் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, இப்படித் தடுப்பவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்றது. அடுத்த அலையில் சொந்தங்களே நெருங்க அஞ்சிய உடல்களை, மதம் பாராமல் தன்னார்வலர்கள் எடுத்து அடக்கம் செய்தார்கள். பாதுகாப்பு உடையும் பயிற்சியும் இருந்தால் இந்த வேலையை எவரும் கண்ணியமாகச் செய்யலாம் என்பதை அந்த மாதங்கள் காட்டின.

சென்னை வேலங்காடு மயானத்தை ஒரு தொண்டு நிறுவனம் வழியாகப் பல ஆண்டுகள் நிர்வகித்தவர் பிரவீணா சாலமன் என்ற பெண். ‘பெண்ணுக்கு இங்கே என்ன வேலை?’ என்று மிரட்டியவர்களைத் தாண்டி, பணம் பறிப்பதைக் கட்டுப்படுத்தி, இடத்தைச் சுத்தமாக்கினார். பிறப்பால் வந்த வேலை என்ற எண்ணம் உடைந்தால் மயானம் எப்படி மாறும் என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மேலே சட்டையைச் செருகிய மேலாளர், கீழே அதே சாதிக்காரர் அதே குறைந்த கூலியில் என்று அமைந்தால், பழைய அடிமைத்தனத்துக்கு ரசீதுப் புத்தகம் அச்சடித்ததாகத்தான் ஆகும். கையுறை, காலணி, காப்பீடு, பி.எஃப்., எழுத்தில் சம்பளம், யார் வேண்டுமானாலும் சேரலாம் என்ற நியமனம் ஆகியவை இல்லாத நிறுவனத்தைத் தொழில்முறை நிறுவனம் என்று ஏற்கக் கூடாது.

‘சொந்தபந்தம் செய்ய வேண்டியதைக் காசுக்கு விடுவதா?’ என்ற கேள்வியும் எழும். நியாயமான கேள்விதான். தோள் கொடுப்பதும், வாய்க்கரிசி போடுவதும், கொள்ளிக்குடம் உடைப்பதும் குடும்பத்தின் வேலை. அதை எந்த ஏற்பாட்டாளரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வண்டிக்குப் போன் செய்வதும், பந்தல்காரரோடு மல்லுக்கட்டுவதும், படிவம் நிரப்புவதும் மகனின் கடமைகளாக எந்தச் சாத்திரத்திலும் இல்லை. இவற்றிலிருந்து விடுபட்டால்தான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அழ மகனுக்கு நேரம் கிடைக்கும்.

செய்யக்கூடியவை

இந்தத் தொழிலுக்கென்று இங்கே தனிச் சட்டமோ உரிமமோ இல்லை. 2021 மே மாதம் தேசிய மனித உரிமை ஆணையம் இறந்தவர்களின் கண்ணியம் குறித்து வழங்கிய அறிவுரையில், உடலை எடுத்துச்செல்லும் வண்டிகளின் கட்டணத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் கூறியது. சட்டம் வரும்வரை காத்திருக்காமல் உள்ளூரிலேயே தொடங்கலாம்.

தென்காசி மாவட்ட நிர்வாகம், ஐஸ் பெட்டி முதல் அமரர் ஊர்தி வரை வாடகைக்கு விடுகிற எல்லோரையும் பதிவுசெய்து, கிலோமீட்டர் கணக்கிலும் நாள் கணக்கிலும் உச்சக் கட்டணத்தை அறிவிக்கட்டும். தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனைப் பிணவறை வாசலில் 155377 என்ற எண்ணும், பிரேதப் பரிசோதனை நடைமுறையும், கண்தானத் தொடர்பும் எழுதிய பெரிய பலகை ஒன்று நிற்கட்டும். கீழப்பாவூர் ஊராட்சி ஒன்றியம் மகளிர் சுயஉதவிக் குழுக்களில் விருப்பமுள்ளவர்களுக்கு இறப்புப் பதிவு, காப்பீட்டு உரிமை, நல வாரிய உதவி பற்றிப் பயிற்சி கொடுத்தால், ஊருக்கு ஒருவராவது துஷ்டி வீட்டுக்குத் துணை நிற்பார். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் தினமும் விலை எழுதிப் போட்டு வியாபாரம் செய்யத் தெரிந்த வணிகர்களுக்கு, இந்தத் தொழிலிலும் விலைப்பலகை வைப்பது கஷ்டமான காரியம் அல்ல. வணிகர் சங்கமே முன்னின்று நியாய விலையில் ஒரு சேவை மையம் தொடங்கலாம்.

குடும்பங்களும் ஒன்று செய்ய வேண்டும். எரிப்பதா, அடக்கமா, கண்தானம் உண்டா, சடங்கு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதைப் பெரியவர்கள் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லி, வங்கிப் புத்தகம், காப்பீடு, ஆதார், பி.எஃப். எண் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். அபசகுனம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஏற்பாட்டாளர் என்று யார் வந்தாலும் முதலில் எழுத்தில் விலை கேளுங்கள். ‘சாவு வீட்டுல கணக்குப் பாக்கலாமா?’ என்று எதிர்க்கேள்வி போடுகிறவரிடம் பொறுப்பை ஒப்படைக்காதீர்கள்.